வெயிலில் கேட்ட மழை

மழையை நான் முதன்முதலில் காதால் மட்டும் கேட்டது அம்பாசமுத்திரத்தில், நல்ல வெயில் நாளில். அறையின் சன்னல் வழியே வயலும், வயலுக்கு அப்பால் நீலமாக மலையும் தெரிந்தன. மலைமேல் ஒரு மேகம்கூட இல்லை. மேசைமேல் இருந்த வயர்லெஸ் ரிசீவர் "கிச்" என்றது. சற்றுப் பொறுத்து இன்னொரு "கிச்". எங்கள் கண்ணுக்கு எட்டாத ஒரு மலைமடிப்பில் அந்த நேரத்தில் மழை இறங்கிக்கொண்டிருந்தது. இலைகள் நனைவதையும், பாறை கறுப்பதையும் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்த்ததுபோல் இருந்தது. வெளியே தெருவில் ஒருவர் வெயிலுக்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு போனார்.

இன்று வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு இதில் வியப்பு இருக்காது. உங்கள் கையில் கட்டிய கடிகாரம் நாடியை எண்ணி போனுக்குச் சொல்கிறது. போன் அதை எங்கோ இருக்கும் இன்னொரு இயந்திரத்துக்குச் சொல்கிறது. நீங்கள் தூங்கும்போதும் அவை தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன. ஆயிரம் சென்சார்கள் ஒரே திரையில் வந்து நிற்கும் காலம் இது. எங்கள் வெள்ள எச்சரிக்கை அறைக்கு இருந்தவை மலையில் மூன்று மழைமானிகளும் ஆற்றில் ஒரு நீர்மட்ட மானியும் மட்டுமே. தொண்ணூறுகளில் அதுவே பெரிய காரியம்.

சுற்றமைப்புகளை நீங்கள் என்னைவிட நன்றாகப் படித்திருப்பீர்கள். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், மற்றது புரிய அது வேண்டும். மழைமானி என்பது ஒரு வெள்ளை உருளை. மேலே புனல், அதற்கடியில் பிள்ளைகள் ஏறி இறங்கும் சீ-சா பலகைபோல் இரண்டு சிறு கரண்டிகள். ஒரு கரண்டி நிறைந்ததும் கவிழும், மற்றது நிமிரும். ஒவ்வொரு கவிழ்ப்புக்கும் பக்கத்துக் கம்பத்தில் இருக்கும் ஏரியல் அந்த மானிக்குரிய எண்ணைக் காற்றில் ஒருமுறை சொல்லும். மலை உச்சியில் ஒரு பெட்டி அதைக் கேட்டு, மறுபடி உரக்கச் சொல்லும். அதுதான் எங்கள் அறையில் "கிச்" என்று விழுந்தது. கணினி அதை எண்ணிக் காகிதத்தில் அடிக்கும். பல்லி சொல்வதுபோல் இருந்ததால் நாங்கள் அதைப் பல்லி என்றே சொன்னோம். ஐப்பசி, கார்த்திகையில் எல்லா மானிகளும் சேர்ந்துகொண்டால் அறைக்குள் தவளைக் கூட்டம் வந்துவிட்டதுபோல் இருக்கும்.

அந்த வேலைக்கு வருவதற்கு முன் நான் திருநெல்வேலியில் ஒரு நாளிதழ் அலுவலகத்தில் இருந்தேன். கம்பிவழி வரும் செய்தியை அச்சடிக்கும் டெலிபிரிண்டரைப் பழுதுபார்க்க என்னை எடுத்தார்கள். ஆள் குறைந்த நாட்களில் செய்தி மேசையில் உட்கார வைத்து, வெளியூர் நிருபர்கள் போனில் சொல்வதை எழுதச் சொன்னார்கள். திருச்செந்தூரில் ஒரு பகுதிநேர நிருபர் இருந்தார். காற்று சற்றுப் பலமாக அடித்தால் படகுகளைக் காணவில்லை என்பார். கூட்டம் என்றால் கடல்போல் என்பார். இவரிடம் ஏன் இன்னும் செய்தி வாங்குகிறோம் என்று செய்தி ஆசிரியரிடம் ஒருநாள் கேட்டேன். அவர் புரூப் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அவன் கூட்டிச் சொல்லுவாம்மா. எவ்வளவு கூட்டுவான்னுதான் நமக்குத் தெரியுமே. கழிச்சுட்டுக் கேளு. கடற்கரையில நமக்குன்னு நிக்கவன் அவன் ஒருத்தன்தான்."

அவரிடம் நான் கற்ற வேறு எதுவும் இப்போது நினைவில் இல்லை. இது மட்டும் என்னோடு அம்பாசமுத்திரத்துக்கு வந்தது.

எங்கள் மூன்று மழைமானிகளில் இரண்டு மலையின் கிழக்குச் சரிவில் இருந்தன. மூன்றாவது, ஆற்றின் ஒரு கிளை ஓடை தொடங்கும் சுனைக்கு அருகில், காட்டுக்குள். அதற்குக் கீழே வெகுதூரத்தில் ஒரு காவல்தெய்வத்தின் கோயில். ஆடி அமாவாசைக்கு அந்தக் கோயிலில் ஆயிரக்கணக்கில் வந்து தங்குவார்கள். ஆற்றின் கரையிலேயே தழையும் சேலையும் வைத்துக் குடிசை கட்டி, அடுப்பு மூட்டி, ஆட்டைக் கட்டிவைத்து, நாட்கணக்கில் இருப்பார்கள். சிலர் சுனைநீர் எடுக்க மேலே ஏறுவதும் உண்டு. யானை நடமாட்டம் இருப்பதால் உச்சிப்பொழுதுக்குமேல் வனக்காவலர்கள் யாரையும் ஏற விடமாட்டார்கள்.

மானி வைத்த முதல் ஆண்டு, அமாவாசைக்கு முந்தின நாள், அந்தச் சுனை மானி திடீரென்று பைத்தியம் பிடித்ததுபோல் கத்தியது. பல்லிக்கும் பல்லிக்கும் இடைவெளியே இல்லை. கணினி அடித்த மழை உலகத்தில் எங்கும் பெய்திருக்க முடியாது. பிறகு சட்டென்று மௌனம். பிறகு மறுபடி. வயர்லெஸ் ஆபரேட்டர் இசக்கியும் நானும் ஜீப்பில் போய், ஜீப் போகாத இடத்தில் நடந்து போனோம். இசக்கி என்னைவிடச் சில வயது இளையவர், அக்கா என்று கூப்பிடுவார்.

மானிக்கு மஞ்சள் பூசியிருந்தது. குங்குமம் வைத்திருந்தது. இடுப்பில் சிவப்புத் துணி. ஏரியல் கம்பத்தின் நுனியில் எலுமிச்சம்பழம். ராதாபுரம் பக்கத்திலிருந்து வந்த ஒருவர், சுனையில் செம்பை முக்கி முக்கிப் புனலில் ஊற்றிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் வரிசை நின்றது.

"அண்ணாச்சி, இது சாமி இல்ல. மழைய அளக்க மிசினு" என்றார் இசக்கி.

"தெரியும்வே. பாரஸ்ட் கார்டு சொன்னாரு. இங்கன மழ பெஞ்சா கீழ ஆபீசுக்குச் சேதி போகும்னாரு. எங்க ஊருல மழயப் பாத்து எம்புட்டு நாளாச்சு. அத யாருட்டப் போய்ச் சொல்ல? இதுட்டச் சொன்னா சேதியாவது போய்ச் சேருமில்லா."

"போய்ச் சேந்துட்டு. அதான் நாங்க ரெண்டு பேரும் ஓடி வாறோம்."

அவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "அப்போ வேல செய்யுது" என்று சொல்லிவிட்டு, செம்பில் மிச்சமிருந்ததையும் ஊற்றினார்.

திரும்பி வரும் வழியெல்லாம் இசக்கி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். வீட்டிலும் சொல்லியிருக்கிறார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

எங்கள் மேலதிகாரியான பொறியாளர் திருநெல்வேலியில் இருந்தார். நடந்ததை எழுதி அனுப்பினோம். வேலி போட அனுமதி கேட்ட காகிதம் வன அலுவலகத்தில் நகராமல் கிடந்தது. அதனால் அவர் ஓர் உத்தரவு போட்டார்: விழா நாட்களில் சுனை மானியின் எண் வந்தால் கணினி அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அபிஷேகத்தை மழையென்று எண்ணி அணைக்கட்டுக்கு எச்சரிக்கை அனுப்புவதைவிட அது மேல் என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் அப்படியே தோன்றியது. ஆனால் ரிசீவரின் ஒலியை நாங்கள் குறைக்கவில்லை. கணினி காதைப் பொத்திக்கொண்டாலும் அறையில் பல்லி சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

அடுத்த ஆண்டு ஆடி அமாவாசைக்கு இசக்கியின் மனைவி பேச்சியம்மாள் மகளைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டார். குழந்தைக்கு முடி இறக்கும் நேர்ச்சை. விழா முடியும்வரை எங்களுக்கு விடுப்பு கிடையாது, ஆகவே இசக்கி போக முடியவில்லை. முந்தின நாள் இருவரையும் பஸ் ஏற்றிவிட்டு வந்தார். அவர்கள் போய்ச் சேர்ந்தார்களா என்று அறிய வழியில்லை. கோயிலில் போலீஸ் வயர்லெஸ் இருந்தது, எங்கள் அறையிலிருந்து அதனோடு பேசலாம். கேட்கலாமே என்றேன்.

"போலீசு செட்டுல பொண்டாட்டி சேதி கேக்கவா? அப்புறம் ஸ்டேசன் ஸ்டேசனா சிரிப்பாவ யக்கா." பிறகு தானாகவே சொன்னார்: "அவ தண்ணி எடுக்கச் சௌரியம்னு ஆத்துக்குள்ளயே குடிசையப் போட்டிருப்பா."

அமாவாசையன்று காலையில் சாரல் காற்று மட்டும் இருந்தது, சாரல் இல்லை. வயலில் பச்சை ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து எழுந்தது. சுனை மானி பேசத் தொடங்கியது. போன வருடத்துக் கூச்சல் இல்லை. ஒரு "கிச்". தேநீரை ஆற்றிக் குடித்து முடிக்கும் நேரம். மறுபடி ஒரு "கிச்". அவ்வளவு சீராக மழை பெய்யாது. சிவன் கோயிலில் லிங்கத்துக்கு மேலே துளைபோட்ட குடம் ஒன்று தொங்கிச் சொட்டிக்கொண்டே இருக்குமே, அந்த நினைவு வந்தது. யாரோ ஏரியல் கம்பத்தில் குடம் கட்டியிருக்கிறார்கள் என்றேன். "ஆமாக்கா" என்றார் இசக்கி. அவர் ஆச்சரியப்படவில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்து, கல்யாண வீட்டில் தூரத்து நாதஸ்வரத்தைக் கேட்பவர்போல் உட்கார்ந்திருந்தார். அவர் டம்ளரில் தேநீர் ஆடை படிந்து ஆறிப்போனது.

நேரம் ஆக ஆக இடைவெளி நீண்டது. குடத்தில் நீர் குறையக் குறையச் சொட்டு தளரும். உச்சிவேளையில் ஒரு பல்லி சொல்லிவிட்டு நின்றது. அடுத்தது வரவே இல்லை. இசக்கி எழுந்து, தூக்குச்சட்டியைத் திறந்து, திருப்தியாகச் சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன். வெயில் சன்னல் கம்பிகளைத் தரையில் வரைந்திருந்தது. மலை தூக்கத்தில் இருப்பதுபோல் இருந்தது. அந்த மதியத்தைப்போல் அமைதியான மதியம் எனக்கு வேலையில் அதிகம் வாய்க்கவில்லை.

"கிச்."

மறுபடி குடத்தை நிரப்பிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அடுத்த பல்லி சற்று முன்னதாக வந்தது. அதற்கடுத்தது இன்னும் முன்னதாக. பிறகு ஒன்று தாமதித்தது. பிறகு இரண்டு ஒன்றன்மேல் ஒன்றாக. தாளம் இல்லை. ஒழுகுகிற குடம் போகப்போக மெதுவாகத்தான் ஒழுகும், வேகம் கூடாது. இது கூடிக்கொண்டு வந்தது. இசக்கியைப் பார்த்தேன். அவர் முகத்தில் காலையில் இருந்தது எதுவும் இல்லை.

"யக்கா, அது குடம் இல்ல."

"யாராவது தண்ணி ஊத்தலாமே இசக்கி."

"அங்கன இப்ப ஈ காக்கா கிடையாது. உச்சிக்கு மேல ஏத்த மாட்டாவ." எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு சொன்னார்: "காலையில கேட்டம்லா, அது எங்க வீட்டுக் குடம். நாந்தான் கட்டச் சொன்னேன். போய்ச் சேந்தாச்சுன்னு எனக்குத் தெரியணும்னு. ஒரு தடவ ரொப்பிக் கட்டிட்டு, கீழ வந்து பொங்க வைக்கேன்னு சொல்லிட்டுப் போனா. மறுபடி மேல ஏற மாட்டா."

அரசாங்கக் கருவியில் கைவைத்தால் வேலை போகும் என்பது இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி அப்போது நாங்கள் பேசவில்லை.

நான் காகிதத்தைப் பார்த்தேன். கிழக்குச் சரிவின் இரண்டு மானிகளிலும் மழை இல்லை. ஆற்றின் நீர்மட்டம் அசையவில்லை. மூன்று சாட்சிகள் ஒன்றுமில்லை என்கின்றன. ஒன்று மட்டும் மழை என்கிறது, அதுவும் பொய்யென்று பெயரெடுத்து, கணினியால் ஒதுக்கப்பட்டது. எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் விஷயம் முடிந்தது. நீங்கள் எழுதும் நிரல்களும் இப்படித்தான் எண்ணுகின்றன, பெரும்பாலும் சரியாகவே எண்ணுகின்றன. ஆனால் செய்தி மேசையில் முதல் கேள்வி வேறு: இவன் எங்கே நின்று பார்த்தான்? கிழக்குச் சரிவு மானிகள் முகட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பவை. அந்த ஓடையின் தலையில் விழும் மழை அவற்றுக்குத் தெரியாது. நீர்மட்ட மானி கோயிலுக்குக் கீழே இருக்கிறது. குடிசைகளைத் தாண்டிய பிறகுதான் வெள்ளம் அதை வந்து தொடும். ஆக, அந்த மூன்றும் பொய் சொல்லவில்லை. பார்க்க முடியாத இடத்தில் நின்றுகொண்டு, பார்க்கவில்லை என்று சொல்லின. பார்க்கும் இடத்தில் நின்றது அந்தப் பொய்யன் மட்டுமே.

பொறியாளருக்குப் போன் போட்டேன். நிதானமான மனிதர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். ஆறு ஏறியிருக்கிறதா, மற்ற மானிகள் என்ன சொல்கின்றன என்று கேட்டார். பிறகு, கூட்டத்தை எழுப்பினால் பாலத்தில் நெரிசல் ஆகும், ஆற்றில் போவதைவிடப் பாலத்தில் அதிகம் பேர் போவார்கள் என்றார். அது உண்மை. அந்தப் பாலம் ஒரு பஸ் போகும் அகலம்.

"அது குடத்துத் தண்ணி இல்லைன்னு எப்படிச் சொல்லுதீங்க?" என்றார்.

"குடம் உச்சிக்கே வத்திட்டு சார். மறுபடி நிரப்ப அங்கன ஆள் இல்ல."

"யார் சொன்னது?"

இசக்கி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பேர் சொல்ல முடியாது சார்" என்றேன். "குடத்தப் பத்தி நேரா அறிஞ்ச ஆள். அது மட்டும் சொல்லுவேன்."

கம்பியில் இரைச்சல் மட்டும் கேட்டது. இந்தப் பக்கம் பல்லி சொல்லிக்கொண்டே இருந்தது. அது போன் வழியாக அவருக்கும் கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் "இதுவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவரும் என்னோடு கொஞ்ச நேரம் கேட்டார். போனைக் கையால் பொத்தினாலும் நிற்காத மழை அது.

"பாலத்துக்கு விடாதீங்க. கோயிலுக்குப் பின்னால மேடு இருக்கு, அங்க ஏத்துங்க" என்றார். "சொல்லிடுங்க. நான் பாத்துக்கிடுதேன்."

நான் செய்தியை எழுதினேன். முதலில் எழுதியது "வெள்ளம் வருகிறது" என்று தொடங்கியது. இசக்கி அதைப் படித்துவிட்டு வேண்டாம் என்றார். ஒலிபெருக்கியில் இந்தச் சொல் விழுந்தால் அத்தனை பேரும் பாலத்துக்குத்தான் ஓடுவார்கள். பிறகு, பகலெல்லாம் அங்கே என்ன நடக்கும் என்று அவரே சொன்னார். ஆற்றோரத்துப் பந்தலில் வில்லுப்பாட்டு. அதை மேட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள், சனம் பாயைச் சுருட்டிக்கொண்டு தானாகப் பின்னால் போகும் என்றார். நான் அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். வில்லுப்பாட்டு கோயில் மேட்டுக்கு மாறுகிறது. பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லோரும் மேட்டுக்கு வரவும். ஆற்றில் தண்ணீர் கூடும், கரையில் யாரும் இருக்க வேண்டாம். ஒரு பொய்யும் அதில் இல்லை. முதல் வரியில் பயத்தை வைக்காமல், செய்ய வேண்டிய வேலையை வைத்தோம், அவ்வளவுதான்.

கோயிலில் வயர்லெஸ் வைத்திருந்த ஏட்டு முதலில் நம்பவில்லை. "இங்கன வெயிலு மண்டயப் பொளக்கு. துணி காயப் போட்டிருக்காவ. என்னவே சொல்லுதீரு?"

"இங்கனயும் வெயிலுதான் அண்ணாச்சி" என்றார் இசக்கி. "மழ நம்ம ரெண்டு பேருக்கும் மேல நிக்கு. பைய ஏத்துங்க, ஆனா இப்பவே ஏத்துங்க."

அதற்குப் பிறகு எங்களுக்கு வேலை இல்லை. பொறுத்திருப்பதைத் தவிர எதுவும் செய்ய முடியாத நேரம் உங்களுக்கும் வரும். அந்த அறையில் வெயில் அப்படியே இருந்தது. சன்னலுக்கு வெளியே ஒரு கொக்கு வரப்பில் நின்றது. ரிசீவரில் மட்டும் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அது ஓடையில் இறங்கி, பாறை பாறையாகத் தாண்டி, மரங்களுக்கு நடுவே மண்ணைக் கலக்கிக்கொண்டு வருவதை நாங்கள் கேட்டோம் என்று சொன்னால் நீங்கள் சிரிக்கலாம். கேட்டது "கிச்" மட்டும்தான். இசக்கி ஒருமுறைகூட மைக்கைத் தொடவில்லை. அந்த அலைவரிசையில் ஏட்டு அங்கே ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தார், அது எல்லோருக்குமானது.

பிறகு நீர்மட்ட மானி பேசியது. அதுவரை தூங்கிய எண், ஒன்றன்பின் ஒன்றாக, மூச்சுவிடாமல். அது சொன்னபோது அது எச்சரிக்கை இல்லை. நடந்து முடிந்திருந்தது.

செட்டில் வெகுநேரம் இரைச்சல். அப்புறம் ஏட்டின் குரல் வந்தது. தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்ததாகச் சொன்னார். குடிசைகள் போயின, பந்தல் போயிற்று, அடுப்பும் பாத்திரமும் போயின, கட்டிப்போட்ட ஆடுகள் சில போயின. ஆள் எல்லோரும் மேட்டில். இசக்கி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி உறுதிசெய்தார். கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டார், ஒன்றைத் தவிர. முடிக்கும்போது ஏட்டே சொன்னார்:

"இசக்கி, ஒம் மக மொட்டத் தலையோட வில்லுப்பாட்டுக்கு முன்னால உக்காந்திருக்கா. ஒம் பொண்டாட்டி, குடம் போச்சேன்னு அழுதிட்டிருக்கா. ஓவர்."

எந்தெந்த நிலையங்கள் அதைக் கேட்டன என்று தெரியாது. நாலைந்து செட்டுகளில் யாரோ சிரித்தது கேட்டது. இசக்கி மைக்கைக் கீழே வைத்துவிட்டு, தண்ணீர்ப் பானைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

மலையில் மழை விட்டு, காட்டுப்பாதை திறந்ததும் பொறியாளர் வந்தார். நாங்கள் மூவரும் ஏறினோம். மரங்களெல்லாம் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தன. மானி அப்படியே நின்றது. ஏரியல் கம்பத்தின் குறுக்குக் கையில், சணல் கயிற்றில், ஒரு பித்தளைக் குடம் தொங்கியது. அது ஆற்றோடு போகவில்லை. மேலேயே இருந்திருக்கிறது. கழுத்துவரை மழைநீர் நிறைந்து, அடியில் செருகிய திரி வழியே இன்னும் சீராகப் புனலுக்குள் சொட்டிக்கொண்டிருந்தது.

நம் ஊரில் பித்தளைப் பாத்திரத்தில் பெயர் வெட்டாமல் யாரும் பெண்ணுக்குக் கொடுப்பதில்லை. திருட்டுத்தனமாக அரசாங்கக் கம்பத்தில் கட்டிய குடத்தின் கழுத்திலும் பெயர் இருந்தது. ஊரும் இருந்தது. பொறியாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, குடத்தை மெல்லத் திருப்பி, முழுவதையும் படித்தார். இசக்கி காட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சீதனக் குடம்போல. நல்ல கனம்" என்றார் பொறியாளர். தானே முடிச்சை அவிழ்த்தார். குடத்தை இசக்கியின் கையில் கொடுத்தார். "வழியில யாராவது தேடிக்கிட்டு வந்தா குடுத்திருங்க."

என் பக்கம் திரும்பினார். "பேர் சொல்ல முடியாதுன்னீங்க. நானும் அதுக்கு மேல கேக்கலை."

இறங்கும்போது இசக்கி அந்தத் தண்ணீரைக் கொட்டவில்லை. துளையை விரலால் அடைத்துக்கொண்டு அப்படியே தூக்கி வந்தார்.

உத்தரவு மாறியது. அந்த எண்ணை ஒதுக்க வேண்டாம், விழா நாட்களில் ஓர் ஆள் உட்கார்ந்து கேட்கட்டும், மழை இல்லையென்று தள்ளினால் ஏன் தள்ளினோம் என்று காகிதத்தின் ஓரத்தில் எழுதட்டும் என்று ஆனது. குடம் கட்டுகிறவர்களுக்காகச் சுனையோரத்து மரத்தில் ஒரு கொக்கி அடித்தோம். பெரும்பாலும் அதிலேயே கட்டினார்கள். உங்களிடம் வரும் எண்களில் பழுது என்று தள்ளுபவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கும். பெரும்பாலும் அந்தக் காரணம் ஒரு மனிதராக இருப்பார். அவரைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அவர் கூட்டுவது எவ்வளவு என்று தெரிந்தால் கழித்துவிட்டுக் கேட்கலாம்.

அதற்கடுத்த ஆடி அமாவாசையன்றும் இசக்கிக்கு விடுப்பு இல்லை. பேச்சியம்மாளும் மகளும் முந்தின நாளே போயிருந்தார்கள். காலையில் சாரல் காற்று வீசியது, சாரல் இல்லை. இசக்கி ஏதோ வேலை செய்வதுபோல் ரிசீவருக்கு அருகிலேயே இருந்தார். வெயில் ஏறியது. சுனை மானி பேசவில்லை.

இரண்டு கைகளையும் சேர்த்துத் தண்ணீர் அள்ளினால் அந்தச் சிறு கரண்டி ஒருமுறை கவிழும். அதற்குமேல் போதாது.

"கிச்."

அவ்வளவுதான். வேறெதுவும் வரவில்லை. இசக்கி தேநீர் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனார். நான் பேனாவை எடுத்து, அந்த வரிக்குப் பக்கத்தில், உத்தரவுப்படி காரணம் எழுதினேன்: "மழை அல்ல. போய்ச் சேர்ந்துவிட்டார்கள்."